நாஸ்டால்ஜியா: ஒரு நோயின் பெயர் பழைய வீடியோ கேமுக்கு வந்த கதை

"கான்ட்ராவோட ஸ்டார்ட்டிங் மியூசிக் கேட்டதும் ஒரே நாஸ்டால்ஜியா மச்சி." கான்ட்ரா என்ற பழைய வீடியோ கேமைப் பற்றி 90ஸ் கிட்ஸ் எழுதும் இப்படியொரு வரிக்கு யாரும் அகராதியைத் தேடுவதில்லை. பழையதை நினைக்கும்போது வரும் இனிப்பும் வலியும் கலந்த உணர்வு என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதில் இனிப்பே கிடையாது. அது ஒரு நோயின் பெயர். ஆளைக் கொல்லக்கூடிய நோய் என்றே மருத்துவர்கள் நம்பினார்கள்.

ஒலியைக் கேட்டால் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் காலத்துச் சொல் போலிருக்கும். பழங்காலக் கிரேக்கர் எவரும் இதைக் கேட்டதே இல்லை. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், யோகன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக ஒட்டுப்போட்டு உருவாக்கிய சொல் இது. 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல். ஹோமரின் காவியத்தில் டிராய் போர் முடிந்து ஒடிசியஸ் என்ற வீரன் ஊர் வந்து சேர்ந்தானே, அந்தத் திரும்புதல். 'ஆல்கோஸ்' என்றால் நோவு. ஊர் நினைப்பு வாட்டுவதைச் சொல்ல 'ஹைம்வே' என்ற ஜெர்மன் சொல் மக்கள் வாயில் முன்பே இருந்தது. ஆனால் கிரேக்கப் பெயர் வைத்தால்தான் ஒரு துன்பம் மருத்துவத்தில் நோயாகும் போலும்.

ஹோஃபர் விவரித்த நோயாளிகளில் ஒருவர், பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சல் கண்டு சாகும் நிலைக்குப் போனவர், ஊருக்கு அனுப்பப்போகிறோம் என்றதுமே தேறத் தொடங்கினார். மருந்து வேறொன்றுமில்லை, வீடு திரும்புவதுதான். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களிடம் இந்த நோய் பரவலாகக் காணப்பட்டதாம். மலைநாட்டு மாடு மேய்ப்பவர்களின் மெட்டைக் கேட்டால் அவர்கள் அழுது படையைவிட்டு ஓடிவிடுவார்கள், அதனால் அந்த மெட்டை இசைப்பதற்கே மரண தண்டனை இருந்தது என்று 1768-இல் வெளியான தம் இசை அகராதியில் தத்துவ அறிஞர் ரூசோ எழுதுகிறார். கேம் இசை கேட்டுக் கண் கலங்குபவர்களை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் வடக்குப் படையின் மருத்துவர்கள் 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 'நாஸ்டால்ஜியா' என்று நோய்க்குறிப்பு எழுதினார்கள்.

இடத்தைப் பற்றிய சொல் காலத்தைப் பற்றியதாக மாறியது பிறகுதான். அந்தத் திருப்பத்தை முன்கூட்டியே கண்டவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். தம் ஊரான கோனிக்ஸ்பர்க்கைவிட்டு அதிகம் நகராத மனிதர் இதைச் சொன்னார் என்பது ஒரு வேடிக்கை. 1798-இல் வெளியான மானிடவியல் நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: ஊர் நினைப்பில் வாடியவர்கள் ஊருக்குப் போனதும் ஏமாந்து, அந்த ஏமாற்றத்தாலேயே குணமடைகிறார்கள். அங்கே எல்லாம் மாறிவிட்டது என்று காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்களால் திரும்பக் கொண்டுவர முடியாதது தங்கள் இளமையை.

பழைய வீடியோ கேம் இங்கேதான் மற்ற நினைவுகளிலிருந்து வேறுபடுகிறது. படித்த பள்ளிக்குப் போனால் வேப்பமரத்தை வெட்டியிருப்பார்கள், கட்டடத்துக்கு வேறு வண்ணம் அடித்திருப்பார்கள். 'எல்லாம் மாறிப்போச்சு' என்று சொல்லிவிட்டு வரலாம். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் எதுவுமே மாறவில்லை. முதல் கட்டத்தில் அதே இடத்தில் அதே காளான், அதே வேகத்தில் நகர்கிறது. கான்ட் சொன்ன அந்தச் சாக்கு இங்கே செல்லாது.

இதற்கு நல்ல சாட்சி 2004-இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம். ஆண்டுக்காண்டு அது மாறிக்கொண்டே போக, பழைய வடிவமே வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் நச்சரித்தார்கள். 2013-இல் அதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனத்தின் ஜே. ஆலன் பிராக் மேடையிலேயே பதில் சொன்னார்: வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். பலருக்குக் கோபம் வந்தது. கடைசியில் 2019 ஆகஸ்டில் அதே நிறுவனம் பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்ற பெயரில் வெளியிட, கூட்டம் அலைமோதியது. ஆனால் முதல்முறை வீழ்த்தப் பல மாதங்கள் பிடித்த ராக்னரோஸ் என்ற அரக்கனை இந்த முறை ஒரு குழு ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டது. ஆட்டம் பழையதுதான், ஆடியவர்கள் பழையவர்கள் இல்லை. எந்தக் குகையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ஒருவரையொருவர் கேட்டுத் திரிந்த அந்த அறியாமையை எந்த சர்வரிலும் திரும்ப ஏற்ற முடியாது.

அதற்காக பிராக் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாது. ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ரூன்ஸ்கேப் என்ற தன் ஆன்லைன் கேமின் பிரதியைத் தேடிப் பிடித்து, ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரியில் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று திறந்தது. அங்கே போனவர்கள் 2007-லேயே உறைந்து நிற்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று வாக்களித்து அந்த உலகைத் தங்கள் விருப்பப்படி வளர்த்தார்கள். எனக்கென்னவோ, இவர்கள் தேடிப் போனது கடந்த காலத்தை அல்ல என்றே படுகிறது. வழி பிரிந்த இடத்துக்குத் திரும்பி, அன்று போகாமல் விட்ட பக்கம் நடக்கப் போனார்கள்.

ஆட்டம் மாறாவிட்டாலும் அதைச் சுற்றி இருந்தவை மாறிவிட்டன. நம் ஊர்களில் 'டிவி கேம்' என்று விற்றவை பெரும்பாலும் ஜப்பானில் 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அதில் வாத்து சுடும் டக் ஹன்ட் ஆடிய துப்பாக்கி இன்றைய தட்டை டிவியில் வேலை செய்யாது. குழாய் டிவி படம் வரையும் வேகத்தை நம்பி வடிவமைத்தது அது. கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் ஓடும் என்ற நம்பிக்கையும் அந்தக் காலத்துடையது. எச்சில் ஈரம் உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும் என்று நின்டெண்டோ சொன்னதெல்லாம் நம் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. ஆனால் விரல் மறக்கவில்லை. கான்ட்ராவில் 30 உயிர் வாங்கித் தரும் 'மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ' என்ற வரிசையை மூளையைக் கேட்காமலே கை அழுத்தும். பாட்டிலும் படத்திலும் இல்லாத இந்தக் கைப்பழக்கமும் பழைய கேமுக்கு ஆளை இழுக்கிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தனிமையும் சோர்வும்தான் பெரும்பாலும் நாஸ்டால்ஜியாவைக் கிளப்புகின்றன என்றும், அது வந்தபின் மனிதர்களோடு பிணைப்பு உணர்வு கூடுகிறது என்றும் கண்டார்கள். ஹோஃபர் நோய் என்றதை இவர்கள் மருந்தின் பக்கம் நகர்த்தினார்கள். பலருடைய கேம் நினைவில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டைப் பிடித்திருந்த அண்ணனோ பக்கத்து வீட்டுப் பையனோ இருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'மலரும் நினைவுகள்' என்பதில் நோவு இல்லை. பணி ஓய்வு விழா மேடைக்குப் பொருந்தும். 'பழமை மோகம்' ஆளைக் குற்றம் சொல்கிறது. 'கழிவிரக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. இன்றைய வழக்கில் அது தன்மீதே இரக்கப்பட்டுப் புலம்புவது. 'ஊர் ஏக்கம்' ஹோஃபர் சொன்ன பழைய பொருளுக்கு மிகச் சரி, ஆனால் கேமுக்கு ஏது ஊர்? எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை தம் யாழ்ப்பாண நினைவுகளுக்கு வைத்த 'நனவிடை தோய்தல்' என்ற தொடரை ஈழத்தவர்கள் பலர் நாஸ்டால்ஜியாவுக்கு இணையாக எடுத்தாள்கிறார்கள். அழகான தொடர். ஆனால் அது உணர்வைவிடச் செயலையே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ரோடு ராஷ் என்ற பழைய பைக் கேமை ஓட்டிக்கொண்டிருப்பவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

உணர்வுக்கு நான் எடுத்துக்கொள்வது 'நினைவேக்கம்'. நினைவும் வலியும் இரண்டும் அதில் உண்டு. திரும்புதல் மட்டும் இல்லை, அது இல்லாததே நல்லது என்றும் சொல்லலாம். சொல்தான் புதியது, உணர்வு நமக்குப் பழையது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் தடியூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் கிழவர், 'இனிநினைந்து இரக்கம் ஆகின்று' என்று தொடங்குகிறார். அவர் எதை நினைக்கிறார்? விளையாட்டைத்தான். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, மருத மரக்கிளையில் ஏறி ஆழ்நீரில் துடுமெனக் குதித்தது, அடிமணலை அள்ளி வந்து காட்டியது. அந்தக் 'கல்லா இளமை' இப்போது எங்கே என்று கேட்கிறார். குளம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கான்ட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய கேம் ஆடுகிற எல்லோருக்கும் நினைவேக்கம் என்று எழுதிவிடக் கூடாது. 2010-இல் பிறந்த ஒரு பெண் இன்று மாரியோ ஆடுகிறாள் என்றால் ஏங்குவதற்கு அவளிடம் நினைவே கிடையாது. நெட் வேண்டாம், நடுவில் காசு கேட்காது, ஓட்டைக் கணினியிலும் ஓடும், ஒரே மாலையில் முடிந்தும் போகும் என்பதற்காக அவள் ஆடலாம். அதற்கு 'ரெட்ரோ விருப்பம்' என்று எழுதினால் போதும்.