மண்டரின் மீனுக்கு நோயில்லை, பசி

"டொக்டர், மண்டரின் மெலிஞ்சு போகுது. என்ன மருந்து போடலாம்?" கடல்நீர்த் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் சின்ன மீன்தான் மண்டரின். வெள்ளவத்தையிலிருந்து மறுபடியும் இதே கேள்வி. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வயிறு ஒட்டி, முதுகின் இருபுறமும் குழி விழுந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்த மீன் பட்டினி கிடக்கிறது, வேறொன்றுமில்லை.

ஆனால் வீட்டுக்காரர் அதற்குள் தொட்டியில் செப்பு மருந்தை ஊற்றிவிட்டார். வெள்ளைப்புள்ளி நோயாக இருக்குமோ என்ற பயமாம். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மண்டரினுக்குச் செதில் கிடையாது. உடம்பெல்லாம் தடித்த சளிப்படலம். வெள்ளைப்புள்ளி இதை இலேசில் பிடிக்காது. செப்புத்தான் இதற்கு ஆகாது. போதாததற்கு, பாறையிடுக்கில் வாழும் கொப்பிபொட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்களையும் செப்பு கொன்றுவிடும். இந்த மீனின் சாப்பாடே அவைதான்! பசியில் கிடந்ததற்கு மருந்து என்று சொல்லி, இருந்த சோற்றையும் பறித்தாகிவிட்டது.

"பாறையைக் கொத்திக்கொண்டே இருக்குதே, சாப்பிடுதுதானே?" என்பார்கள். கொத்துவதெல்லாம் தின்பதல்ல, அது தேடுகிறது. பகல் முழுக்க ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று வாழும் மீன் இது. புதுத் தொட்டியில் இருக்கும் கொஞ்சக் கொப்பிபொட்டும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். பாசியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. பாசி இதன் தீனியே அல்ல. கடையில் விற்கும் காய்ந்த தீனியைப் பெரும்பாலான மண்டரின்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துப் பவளப்பாறைகளில் பிடிபட்டு, வழியெல்லாம் பட்டினி கிடந்துதான் பல மீன்கள் கொழும்புக்கு வந்து சேருகின்றன.

ஆகவே 200 லீற்றருக்குக் குறைந்த தொட்டியா? வேண்டாம். லைவ் ரொக், அதாவது சிற்றுயிர்கள் குடியேறிய கடற்பாறை, நிறைய வைத்து ஆறு மாதமாவது ஆகவில்லையா? பொறுங்கள். இரண்டு ஆண்களை ஒன்றாக விடாதீர்கள். முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டிருந்தால் ஆண். கடையில் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள், தின்னாவிட்டால் வாங்காதீர்கள். அப்புறம், கால்வாய்கள் கலக்கும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கரைத் தண்ணீரை அள்ளிவந்து தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி. செப்பு ஊற்றிய தொட்டியிலிருந்து முதலில் மீனை மாற்றுங்கள். ஆர்டீமியா என்ற சிற்றிறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக்குழாய் விட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுகளை உடனே, பம்பை நிறுத்திவிட்டு, நாளுக்குப் பலமுறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதற்கு நேரமில்லையென்றால், பெரிய பழைய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது மீனைக் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.