உள்ளே போகிற தோட்டா எல்லாம் உங்கள் துப்பாக்கிக்கு உரியதல்ல

துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். ஒருமுறை என் மேசைக்கு வந்த 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவு) ஷாட்கன்னின் குழல், தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குச் சற்று முன்னால், வாழைப்பூ மடல் பிரிந்த மாதிரி கிழிந்திருந்தது. சுடும்போது இடது கை பிடித்திருக்கும் இடம் அது. உரிமையாளருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. குழல் மட்டமான இரும்பு என்றுதான் அவர் நம்பியிருந்தார். கிழிசலுக்குள் நசுங்கிக் கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் துணுக்கைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது 20 கேஜ் தோட்டாவின் கூடு.

நடந்தது இதுதான். இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே பையில் இருந்திருக்கின்றன. மெலிந்த 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. திறந்து பார்த்தால் சேம்பர் காலி. போட மறந்துவிட்டோம் என்று நினைத்து, அதன் பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டிருக்கிறார். அடைபட்ட குழலுக்குள் அந்த அழுத்தம் போவதற்கு வேறு வழி ஏது? இதனால்தான் 20 கேஜ் தோட்டாவுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தோட்டாவின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். இரண்டு கேஜ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரே நாளில் இரண்டையும் வெளியே எடுக்கவே கூடாது என்பேன். அதில் நான் பிடிவாதக்காரன்.

கேஜ் என்ற எண் பலரைக் குழப்புகிறது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மி.மீ. இருபதாக உருட்டினால் 15.6 மி.மீ. எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது 0.410 அங்குலம் என்ற நேரடி அளவு.

கேஜ் சரியாக இருந்தாலும் நீளம் காலை வாரிவிடும். 12 கேஜில் 2¾, 3, 3½ அங்குலம், அதாவது 70, 76, 89 மி.மீ. என்று மூன்று நீளங்கள் பரவலாக உண்டு. பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் சேம்பர் 65 மி.மீ.தான். தோட்டாவின் நீளம் என்று எழுதியிருப்பது சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் தோட்டா குட்டையாக இருக்கும். ஆகவே 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல சேம்பருக்குள் சிரமமே இல்லாமல் போய் உட்காரும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் வாய் குறுகலில் முட்டி, அழுத்தம் எகிறும். குழல்மேல் பொறித்திருக்கும் நீளமே எல்லை. எழுத்து தேய்ந்திருந்தால் சேம்பரை அளந்து தரச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

அடுத்தது ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள். இங்கும் எண் ஏறினால் அளவு இறங்கும். அமெரிக்க அளவுமுறைக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: 17இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 9ஆம் எண் 0.08 அங்குலம், 4ஆம் எண் 0.13. மற்ற நாட்டுப் பெட்டிகளில் அதே எண் வேறு அளவைக் குறிக்கலாம் என்பதால், மி.மீ. அளவைப் பார்ப்பதே உத்தமம்.

பெரிய ரவை, கனத்த வெடிமருந்து என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் ஊறிக் கிடக்கிறது. ஒலிம்பிக்கில் களிமண் தட்டு சுடுபவர்களுக்கு ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவைதான் உச்சவரம்பு. ரவையின் விட்டம் 2.6 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. உலகின் சிறந்த கைகளுக்கே அது போதும்போது, பழகுபவர் தோளுக்கு மேக்னம் என்ற கனத்த தோட்டா எதற்கு? உதைக்குப் பயந்து கண் மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றுவது பெரும்பாடு. ரவை பெருத்தால் அது போய் விழும் தூரமும் கூடும். 7½ எண் ரவை சுமார் 190 மீட்டர் வரை போகும், மிகப் பருத்த ரவையான 00 பக்‌ஷாட் 600 மீட்டரையும் தாண்டும். ஒற்றைக் குண்டான ஸ்லக் இன்னும் வெகுதூரம். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்தாக வேண்டும்.

நீர்ப்பறவைகள் ஈய ரவையைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவதால், அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் தடுத்திருக்கிறது. தடை நியாயமானது. ஆனால் எஃகு ரவை ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது. மெல்லிய பழைய குழலில், அதுவும் இறுக்கமான சோக்கில் (சோக் என்பது குழல்முனையின் குறுகல்), அதைச் சுட்டால் குழல் வீங்கிவிடும். எஃகுக்குத் தகுதியான குழலா என்று முதலில் உறுதி செய்யுங்கள். எஃகு எடை குறைந்தது என்பதால் ரவையை இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும். சோக்கைத் தளர்த்த வேண்டும். ஸ்லக்குக்கும் தளர்ந்த சோக்தான். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த சாபோ வகை ஸ்லக், உட்புறம் சுருள் வரியுள்ள குழலுக்கென்றே செய்யப்பட்டது.

எல்லாம் பொருந்தியிருந்தும் சத்தம் ‘புஸ்’ என்று மெலிந்து வந்தால், அடுத்ததைச் சுடாதீர்கள். வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் தக்கை குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெடிக்கவே இல்லையென்றால், குழல்முனையை இலக்குப் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி பொறுத்திருந்து, பிறகு திறங்கள். சேம்பர் காலியாகத் தெரிந்தால், அடுத்த தோட்டாவைத் தொடுவதற்கு முன் குழலுக்குள் பார்த்துவிடுங்கள்.