வேத தியானமா, வசனப் பிரதிபலிப்பா?

“ஐந்து நிமிடம் எடுத்து இந்த வசனத்தைப் பிரதிபலியுங்கள்.” வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது. கையில் கொடுக்கும் தாளிலும் ‘பிரதிபலிப்புக் கேள்விகள்’ என்றே தலைப்பு. தப்பான சொல் இது. பரவுவதற்குள் நிறுத்த வேண்டும்.

‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். அது லத்தீன் வழி வந்த சொல். திருப்பி வளைத்தல் என்று பொருள். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதையும், மனம் ஒன்றை ஆழ்ந்து எண்ணுவதையும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லால் குறிக்கும். தமிழில் பிரதிபலிப்பு முதலாவதற்கு மட்டும்தான். ஒருவர் வசனத்தைப் பிரதிபலிக்கிறார் என்றால், அவர் நடத்தையில் அந்த வசனம் தெரிகிறது என்று பொருள். வாசித்து, யோசித்து, ஜெபித்து, வாழ்ந்த பிறகு வர வேண்டிய பலன் அது. வசனம் உள்ளே இறங்கும் முன்பே அதை வெளியே காட்டச் சொல்வது என்ன நியாயம்?

யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். திருவசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மறந்துபோகிறவனைப் போன்றவன் என்கிறார். கண்ணாடி அங்கே மறதிக்கு உவமை. அதே கண்ணாடிச் சொல்லைத்தான் நாம் வசனத்தை மனதில் பதிக்கும் வேலைக்கு வைத்திருக்கிறோம்.

சரியான சொல் நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. முதலாம் சங்கீதத்தின் பாக்கியவான் இரவும் பகலும் வேதத்தில் ‘தியானமாயிருக்கிற’ மனுஷன். யோசுவா 1:8-லும் தியானம்தான். இரண்டு இடத்திலும் எபிரெய மூலச் சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பது என்று அதற்குப் பொருள். ஏசாயாவில் சிங்கம் இரையின்மேல் உறுமுவதும், புறா முனகுவதும் இதே வினைதான். காசிமேட்டு வீடுகளில் பெரியவர்கள் உதடு அசைய, பாதிக் குரலில் வேதம் வாசிப்பார்களே, அதுதான் ஹாகா. இதற்குத் தமிழில் அச்சாக ஒரு வினை இருக்கிறது: அசைபோடுதல். மாடு மேய்ந்ததைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதுபோல, காலையில் வாசித்த வசனத்தைப் பகல் முழுக்க மெல்லுவது. லத்தீன் துறவிகளும் மாடு அசைபோடுவதைக் குறிக்கும் சொல்லைத்தான் இதற்கு வைத்தார்கள்.

‘தியானம்’ வடசொல், யோகாசன வாடை அடிக்கிறது என்று சிலர் தயங்குகிறார்கள். பிரதிபலிப்பும் வடசொல்தானே? தியானத்தின் வேர் ‘எண்ணுதல்’. பௌத்தர்களிடம் போய் சீனத்தில் சான், ஜப்பானில் ஜென் ஆனதும் அதே சொல்தான். எந்த ஒரு மதத்துக்கும் அது பட்டா போட்ட சொத்து அல்ல. பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கரும் தவக்காலத்தில் ‘தியானம்’ என்றுதான் சொல்கிறார்கள், சி.எஸ்.ஐ. சபையாரும் ‘அனுதின தியானம்’ வாசிக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான சொல்லை எதற்கு விட வேண்டும்?

தனித்தமிழ் அன்பர்கள் தியானத்தை ‘ஊழ்கம்’ என்பார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மீன் வியாபாரம் முடித்துக் களைத்து வந்து உட்காரும் அம்மாவுக்கு அதை முதலில் விளக்க வேண்டியிருக்கும், அதற்குள் ஜெப நேரம் முடிந்துவிடும். 1995-இல் வந்த ‘பொது மொழிபெயர்ப்பு’ வேதாகமம் முதலாம் சங்கீதத்தில் ‘சிந்திப்பவர்’ என்கிறது. தவறில்லை, தெளிவும் உண்டு. ஆனால் சிந்தனையில் வாயும் முணுமுணுப்பும் இல்லை. நடந்தவற்றை மரியாள் உள்ளத்தில் வைத்துப் பார்த்த லூக்கா 2:19-க்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அங்கே பழைய மொழிபெயர்ப்பும் ‘சிந்தனைபண்ணினாள்’ என்றே சொல்கிறது.

பிரச்சினை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ‘நேரம் எடுத்து’, ‘இந்த வசனம் என்னிடம் பேசியது’ என்று ஆங்கிலத் தாளை வரிக்கு வரி மாற்றுகிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில அகராதியைத் திறக்கும் முன் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் பாதிக் குழப்பம் தீரும். அடுத்த தாளில் ‘பிரதிபலிப்புக் கேள்விகள்’ என்பதை அடித்துவிட்டு ‘தியானிக்க’ என்று போடுங்கள். ‘கிறிஸ்துவின் அன்பு நம் நடத்தையில் பிரதிபலிக்கட்டும்’ என்று கடைசி ஜெபத்தில் சொல்வதாக இருந்தால், அந்தச் சொல் அங்கே தாராளமாக இருக்கட்டும்.