காரைத் தூக்குவது ஜாக்கி, தாங்குவது எது?

பாட்டில் ஜாக்கியால் (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும், பாட்டில் வடிவ ஜாக்கி) காரின் ஒரு மூலையைத் தூக்கி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் சுமார் 300 கிலோ எடையைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மிளகு அளவு எஃகுக் குண்டு ஒன்றும், சில ரப்பர் வளையங்களும்தான். அவை சரியாக இருக்கும்வரை வண்டி அங்கேயே நிற்கும். சரியாக இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

மூடிய கலத்துக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். 17ஆம் நூற்றாண்டில் இதைச் சொன்னவர் பிளேஸ் பாஸ்கல். பிரெஞ்சுக்காரர்; புதுச்சேரிப் பக்கத்து வாசகர்களுக்காக எழுதும்போது அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜாக்கிக்குள் 1 செ.மீ. விட்டமுள்ள சின்ன பிஸ்டனும் 3 செ.மீ. விட்டமுள்ள பெரிய பிஸ்டனும் இருந்தால் பரப்பளவில் 9 மடங்கு வித்தியாசம். கைப்பிடி நீளத்தால் இன்னொரு 16 மடங்கு கிடைத்தால் மொத்தம் 144. அதாவது உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் 2 கிலோ அழுத்தத்தில் 300 கிலோ எழும்பும். இதற்கு நாம் கொடுக்கும் விலை தூரம். சின்ன பிஸ்டன் 2 செ.மீ. இறங்கினால் வண்டி 2 மில்லிமீட்டர் சொச்சம்தான் ஏறும். 10 செ.மீ. தூக்க 45 முறை பம்ப் அடிக்க வேண்டும்.

அப்போது உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 42 கிலோ. டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட ஏறத்தாழ 19 மடங்கு. இந்த எண்ணெய் திரும்பி ஓடாமல் ஒரு குண்டு வால்வு அடைத்துக்கொள்கிறது. குண்டுக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவில் ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், எண்ணெய் கசியும், வண்டி மெல்ல மெல்ல இறங்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும் அதேதான். எண்ணெய் குறைந்துவிட்டது என்று கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். ஜாக்கியின் ரப்பரை ஊதிப் பெருக வைத்துக் கெடுத்துவிடும்.

வண்டியோடு கம்பெனி கொடுக்கும் ஸ்கிசர் ஜாக்கியின் கதை வேறு. அதில் எண்ணெய் இல்லை, ஒரே ஒரு நீண்ட திருகுதான். திருகின் மரை என்பது உருளையைச் சுற்றிய சரிவுப் பாதை. அந்தச் சரிவு 5 டிகிரி அளவில் இருக்கும். கிரீஸ் தடவிய இரும்பின் மேல் இரும்பு தானாக வழுக்குவதற்கு அதைவிடக் கூடுதல் சரிவு வேண்டும். அதனால்தான் கைப்பிடியை விட்டுவிட்டாலும் திருகு தானாகச் சுழன்று இறங்குவதில்லை. அப்படியென்றால் இது பாதுகாப்பானதா? இறங்காது, ஆனால் சாயும். முழுதாக உயர்த்தினால் முழங்கால் உயரம் வரும் கருவிக்கு அடிப்பாகம் உள்ளங்கை அளவு. வண்டி சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் எடை அந்த அடிப்பாகத்தை விட்டு வெளியே விழுந்துவிடும். போதாததற்கு, தூக்கும்போது வண்டி நேர்க்கோட்டில் மேலே போவதில்லை; மறுபக்கச் சக்கரங்களை அச்சாகக் கொண்டு வளைவாக எழும்புகிறது. ஜாக்கியின் தலை அந்த வளைவோடு போக, கால் தரையிலேயே நிற்க, ஜாக்கி சாய ஆரம்பிக்கும். சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கியில் இந்த வளைவைச் சமாளிக்க வழி உண்டு, தூக்கத் தூக்க அது தானாக உருண்டு வண்டிக்கு அடியில் போகும். மணலிலோ சரளையிலோ வைத்தால் உருளாது. அப்போது ஜாக்கி நகர்வதற்குப் பதில் கார் நகரும்.

ஆக ஒன்று இறங்கும், இன்னொன்று சாயும். இரண்டும் தூக்கச் செய்த கருவிகள். தாங்குவதற்கென்று தனியாக இருப்பது ஜாக்கி ஸ்டாண்ட். அகலக் கால் பரப்பிய இரும்புக் கூண்டு, நடுவில் ஒரு தண்டு, தண்டை நிறுத்த ஒரு முள் அல்லது பற்கள். அவ்வளவுதான். முள் வகையில் 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று இரண்டு பக்கமும் துளை வழியாகப் போகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியானாலும் அதை இரண்டு இடத்தில் வெட்டித் துண்டாக்க 5 டன் வேண்டும். கசிய எண்ணெய் இல்லை, காய ரப்பர் இல்லை. பல் வகையில் நெம்புகோலை விட்டதும் பல் முழுதாக உள்ளே விழுந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளை, பற்கள் சரியான ஆழத்துக்குப் பொருந்தவில்லை என்று விற்ற கடை 2020ல் திரும்பப் பெற்றது. மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றையும் வெல்டிங் கோளாறு என்று மறுபடி வாங்கிக்கொண்டது. என் ஓட்டு முள் வகைக்குத்தான்.

ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ அடுக்குவது நம் ஊரில் சகஜம். வீடே தாங்குகிறதே, கார் தாங்காதா என்று கேட்பார்கள். சுவரில் எடை கல்லின் முழுப் பரப்பிலும் பரவி இறங்குகிறது. காரின் சட்டமோ விரல் அகலக் கோட்டில் அழுத்துகிறது. இரும்பு தாங்க முடியாதபோது முதலில் வளையும், நம் கண்ணுக்குத் தெரியும். கல்லும் கான்கிரீட்டும் வளையாது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். கடலூர் மாவட்டத்தில் எங்கும் கிடைக்கும் சவுக்குக் கட்டையை அடியில் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், உருளை வடிவம் எப்போது வேண்டுமானாலும் உருளும். நான்கு பக்கமும் அறுத்த கனமான மரக்கட்டை என்றால் சரி.

தரையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் என்று கடலோரத்தில் வீட்டு வாசல் பெரும்பாலும் மணல். ஸ்கிசர் ஜாக்கியின் அடிப்பாகம் 10 செ.மீ.க்கு 7 என்று வைத்தால் சதுர செ.மீ.க்கு 4 கிலோவுக்கு மேல் அழுத்தும். டயர் அழுத்துவதைப் போல இரண்டு மடங்கு. ஓர் அடி நீள அகலமுள்ள கெட்டிப் பலகையை அடியில் கொடுத்தால் அழுத்தம் மூன்றில் ஒரு கிலோவாகக் குறைந்துவிடும். கத்திரி வெயிலில் தார் ரோடும் மணல் மாதிரிதான், ஸ்டாண்டின் கால் விளிம்பு உள்ளே இறங்கிவிடும். அங்கேயும் பலகை வேண்டும். வாசல் சரிவில் மட்டும் தூக்கவே தூக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியவர்கள் வாசலில் சரிவு போட்டிருப்பார்கள். 12 அடிக்கு 1 அடி என்ற சாதுவான சரிவில்கூட 900 கிலோ காரை 75 கிலோ விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனே, கியரில் வேறு விட்டிருக்கிறேனே என்று தோன்றும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் அது பிடித்தும் பயனில்லை. எஞ்சின் முன்சக்கரங்களைச் சுற்றும் கார்களில் கியர் முன்சக்கரத்தைப் பிடிக்குமே என்றால், முன்சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது டிஃபரென்ஷியல் குறுக்கே வருகிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல வேண்டும் என்பதற்காக வைத்த பற்சக்கரக் கூட்டு அது. இரண்டு சக்கரங்களின் சராசரி வேகம்தான் அதற்குக் கணக்கு. கியரில் விட்டால் சராசரி பூஜ்யம். ஆனால் ஒன்று முன்னாலும் மற்றது அதே வேகத்தில் பின்னாலும் சுழன்றாலும் சராசரி பூஜ்யம்தானே! பட்டறையில் முன்பக்கம் முழுதும் தூக்கி வைத்த காரைக் கியரில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால், காற்றில் இருப்பது பின்னோக்கிச் சுழல, தரையில் இருப்பது தாராளமாக உருண்டுவிடும். கியர் காப்பாற்றாது. ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருந்தால் கதை முடிந்தது. அதனால்தான் தூக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தின் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வைக்கச் சொல்கிறார்கள். கையில் கிடைத்த உருண்டைக் கல் ஆகாது.

அப்புறம், உப்புக் காற்று. கடலோரத்தில் நிற்கும் கார்களில் முதலில் துரு பிடிக்கும் இடங்களில் ஒன்று கதவுக்குக் கீழே, ஜாக்கி வைக்கும் அதே விளிம்பு. இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி வெல்டு வைத்த மடிப்பு அது. நடுவில் புகுந்த உப்புநீர் காயாமல் தங்கிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்த விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று பதில் சொல்லும். அரித்த இடத்தில் ‘பொத்’ என்று அமுங்கின சத்தம் வரும், செதில் உதிரும். அங்கே ஜாக்கி வைத்தால் தகடு மடங்கி ஜாக்கி உள்ளே போய்விடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணையும் பெருகியபோது தண்ணீருக்குள் நின்ற கார்கள் எத்தனையோ. அவற்றில் டிக்கியில் ஸ்டெப்னிக் குழிக்குள் தண்ணீர் தேங்கி, அங்கேயே கிடந்த ஜாக்கியின் மரை துருவேறி இருக்கலாம். இதுவரை திறந்து பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிடலாம்.

வேலைக்கு வருவோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு கால் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் வண்டியே ஆடும். வண்டியின் கையேட்டில் காட்டிய புள்ளியில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டை நிறுத்தி, ஜாக்கியை இறக்கி எடையை ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். பிறகு வண்டியின் ஓரத்தைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் யாரும் அடியில் இல்லாதபோதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்தால், எல்லாம் பொய்த்தாலும் சக்கரத்தின் அகலத்துக்கு இடைவெளி மிஞ்சும். உடம்பு முழுதும் உள்ளே போக வேண்டிய வேலை என்றால் இரண்டு ஸ்டாண்ட், கூடவே வெளியில் ஒரு ஆள். மார்பின் மேல் 300 கிலோ ஏறினால் உதவி கேட்டுக் கத்தக்கூட மூச்சு இருக்காது.

முடித்து இறக்கும்போது நட்டுகளைக் கையால் மாட்டி, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். அடுத்தடுத்து முறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஸ்பேனரை இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.