இருமலுக்கு வந்தவரிடம் வயிற்றைப் பற்றி ஏன் கேட்கிறேன்?

நிமோனியா வந்து தேறி, இரண்டே மாதத்தில் மறுபடி காய்ச்சலும் இருமலுமாக வந்து உட்காருகிறவரிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "கடைசி ஆறு மாதத்தில் எத்தனை தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள்?" பெரும்பாலும் உடனே பதில் வராது, கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் மெதுவாகக் கணக்கு வெளியே வரும்: பல்வலிக்கு ஒன்று, தொண்டை கரகரத்தபோது ஒன்று, ஜலதோஷத்துக்கு வீட்டில் மிச்சமிருந்த அட்டையிலிருந்து மூன்று நாள். அடுத்து "வயிறு எப்படி?" என்றால் ஆள் குழம்பிவிடுவார். நெஞ்சைக் காட்ட வந்த இடத்தில் வயிறு எதற்கு?

நம் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது, அதில் பெரும்பங்கு பெருங்குடலில்தான். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பியூட்டிரேட்டைப் பெரும்பாலும் குடல் சுவரே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கிறது. எலிகளில் இவை எலும்பு மஜ்ஜை வரை போய், அங்கே உருவாகும் எதிர்ப்புச் செல்களின் குணத்தையே மாற்றுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, குடல் பாக்டீரியா நுரையீரலுக்கு நேரில் போக வேண்டியதில்லை, அது அனுப்பும் சேதி போனால் போதும்.

அந்தச் சேதி யாருக்கு என்பதுதான் சுவாரஸ்யம். நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே வரும் கிருமியைப் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை. 2016-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் காலியாக்கிவிட்டு, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியைச் செலுத்தினார்கள். நுரையீரலில் கிருமி அதிகமாகப் பெருகியது, காவல் செல்களின் விழுங்கும் திறனும் குறைந்திருந்தது. 2024-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் இன்னும் ஒரு படி போனார்கள். எலியின் குடலில் இழை வடிவ பாக்டீரியா ஒரே ஒரு வகை கூடுதலாக இருந்தாலே, இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் தாக்கும்போது இந்தக் காவல் செல்கள் அழியாமல் தாக்குப்பிடித்தன.

எலி சரி, மனிதன்? அதே 2024-ல் நெதர்லாந்து, பின்லாந்து மக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து, பல ஆண்டுகளில் அவர்களில் யாரெல்லாம் தொற்றுநோயால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்று பார்த்தார்கள். பியூட்டிரேட் தயாரிக்கும் வகைகள் 10 சதவீதம் கூடுதலாக இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து ஒரு நாட்டில் 25, இன்னொன்றில் 14 சதவீதம் குறைவு. இது தொடர்பு மட்டும்தான், இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர்களுக்குக் குடலும் நன்றாக இருக்கும், தொற்றும் குறையும். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

"அப்போ புரோபயாடிக் கேப்சூல் வாங்கிப் போட்டுக்கொள்ளவா டாக்டர்?" நல்ல பாக்டீரியாவை உயிரோடு அடைத்து விற்கும் இந்தக் கேப்சூலைப் பற்றிக் கேட்காதவர் குறைவு. வென்டிலேட்டரில் இருந்த 2,650 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2021-ல் முடிவு வந்தது. கேப்சூல் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் நிமோனியா ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு வந்தது. போதாக்குறைக்கு, கொடுத்த அந்த பாக்டீரியாவே சிலரின் ரத்தத்தில் வளர்ந்தது. எதிர்ப்புசக்தி குன்றியவர்கள் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல இது.

நான் சொல்வது வேறு. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அடி வாங்குவது குடல்தான். ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு நான்கே நாள் மூன்று ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தபோது, ஒன்றரை மாதத்தில் குடல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் முன்பு இருந்த ஒன்பது பாக்டீரியா வகைகள், பெரும்பாலானவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் காணவில்லை. இதைச் சொன்னால் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். எக்ஸ்ரேயில் நிமோனியா தெளிவாகத் தெரிந்தும், "குடல் கெட்டுவிடும்" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மூச்சுத்திணறலோடு திரும்பி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். நிமோனியாவுக்கு எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பருப்பு, பயறு, கீரை, காய், பழம், முழுதானியம் என்று பெரியவர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே வாரத்தில் ஏற்றினால் வயிறு உப்பும், மெல்ல ஏற்றுங்கள். புகைப்பதை விடாமல், ஃப்ளூ தடுப்பூசியும் போடாமல் கீரையை மட்டும் நம்பினால் என்னால் உதவ முடியாது.

அப்புறம், அடுத்த முறை வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துவாருங்கள். மாத்திரை அட்டையை போனில் படம் பிடித்து வைத்திருந்தாலும் போதும், கூட வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.