போரின்: துளையா, புழையா?

‘போரின் அமைப்பு’ என்று ஓர் அறிவியல் கட்டுரைக்குத் தலைப்பிட்டால் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது யுத்தம்தான். பாக்டீரியாவின் சவ்வுப் புரதம் ஒன்றுக்குப் ‘போரின்’ (porin) என்று பெயர் என்பது இரண்டு பத்திகள் கடந்த பிறகே புரியும். இதை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஈ. கோலை, சால்மோனெல்லா, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸ் போன்ற கிராம் எதிர் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் பதிந்திருப்பவை போரின்கள். பெரும்பாலும் மூன்று மூலக்கூறுகள் ஒட்டிச் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் பொதுவாக 16 பீட்டா இழைகள் (புரதச் சங்கிலியின் நீட்டிய பகுதிகள்) பீப்பாய் வடிவில் வளைந்து அமைந்தது. நடுவே நீர் நிறைந்த பாதை. ஈ. கோலையின் ஓம்ப்-எஃப் என்ற போரின் ஏறத்தாழ 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள, நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளை உள்ளே விடும்.

பெயரைச் சூட்டியவர் ஆய்வாளர் டைஜி நகாயே, ஆண்டு 1976. செயற்கைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் சர்க்கரையை அடைத்து, குமிழிச் சவ்வில் இந்தப் புரதத்தைச் சேர்த்தபோது சர்க்கரை வெளியேறியது. கிரேக்க மொழியில் ‘போரோஸ்’ என்றால் கடந்துசெல்லும் வழி. ஆற்றைக் கடக்கும் துறைக்கும் அதே சொல்தான். ‘இன்’ என்பது புரதங்களுக்கு வழக்கமாகச் சேர்க்கும் ஈறு.

ஆகவே மூலச்சொல்லின் அழுத்தம் வழியின் மீது இருக்கிறது. ‘துளைப்புரதம்’ என்றால் சவ்வைக் குத்திச் சேதப்படுத்தும் நச்சுப்புரதங்களும் அதற்குள் அடங்கிவிடும்; அவை வேறு இனம். ‘புரை’ ஒலியில் நெருங்கி வந்தாலும் கண்புரை, புரையோடுதல் என்று நோய்ப்பொருளில் நிலைத்துவிட்டது. ‘புழை’ பொருந்துகிறது: ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊடாகச் செல்லும் வழி அது. யானையின் துதிக்கையைப் பழந்தமிழ் ‘புழைக்கை’ என்றது. ‘புழைப்புரதம்’ என்பதே என் தேர்வு.

தொற்றை ஆராய்பவர்கள் இந்தப் புரதத்தை நோய்க்கிருமியிலிருந்தே எடுப்பதில் இரட்டைச் சிக்கல் உண்டு. ஆபத்தான கிருமியைப் பேரளவில் வளர்க்க வேண்டும். புரதத்தோடு, வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற கொழுப்புச்சர்க்கரையும் ஒட்டிவரும். நைசீரியாவின் போர்-பி புரதத்தை நம் நோய் எதிர்ப்புச் செல்களின் டி.எல்.ஆர்.2 ஏற்பி உணர்கிறது. எண்டோடாக்சினை உணர்வது டி.எல்.ஆர்.4. மாதிரியில் சிறிது எண்டோடாக்சின் எஞ்சினாலும் செல் எதற்கு எதிர்வினை காட்டுகிறது என்பதே குழம்பிவிடும்.

அதனால் மரபணுவை ஈ. கோலையில் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். சவ்வுக்கு வழிகாட்டும் முன்பகுதியை நீக்கிவிட்டால், புரதம் வெளிச்சவ்வுக்குப் போகாமல் செல்லுக்குள்ளேயே கரையாத திரள்களாகக் குவியும். ஈ. கோலையின் எண்டோடாக்சினும் ஒட்டியிருக்கலாம் என்பதால் திரள்களை நன்கு கழுவி, 8 மோலார் செறிவுள்ள யூரியாவில் கரைப்பார்கள். அப்போது அது வெறும் நீண்ட சங்கிலிதான். நடுவே பாதை எதுவும் இல்லை. டிடர்ஜென்ட் (சவ்வுப் புரதத்தை நீரில் தாங்கும் சோப்புப் போன்ற பொருள்) கரைசலில் அதை மெல்ல நீர்க்கச் செய்யும்போதே மடிந்து பீப்பாயாகிறது. டிடர்ஜென்ட் தேர்வுதான் இங்கே பொறுமையைச் சோதிக்கும்; ஒரு புரதத்துக்கு ஒத்துவந்தது அடுத்ததற்கு உதவாமல் போகலாம்.

சரியாக மடிந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஓம்ப்-எஃப் போன்ற உறுதியான புழைப்புரதத்தைக் கொதிக்க வைக்காமல் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டினால் மூன்றும் பிரியாமல் மேலே நிற்கும். கொதிக்க வைத்த மாதிரியோ தனித்தனியாகப் பிரிந்து கீழே இறங்கும்.

மருத்துவர்களுக்கும் இந்தப் புரதம் முக்கியமானது. பல ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவுக்குள் நுழைவது இதன் வழியாகத்தான். க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா தன் புழைப்புரதங்களை இழந்து, கூடவே மருந்தைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிகளையும் வைத்திருந்தால் கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளும் பலனற்றுப் போகக்கூடும்.