மூன்று பானை ஸ்லோ குக்கரும் ராஜ்மாவும்

மூணாறு பக்கம் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் (வரிசை வீடுகளில்) குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரே விருந்தில் சாப்பிட்ட நான்கு பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொடுத்துவிட்ட மூன்று பானை ஸ்லோ குக்கரில், அதாவது கரண்டில் பல மணி நேரம் மெல்ல வேகவைக்கும் பாத்திரத்தில், சமைத்த விருந்து. ஒரு பானையில் கோழி, இன்னொன்றில் காய்கறிக் குருமா, மூன்றாவதில் வட்டவடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ராஜ்மா.

எல்லோரும் கோழியைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆனால் வந்தவர்களில் இருவர் அசைவமே தொடாதவர்கள். கோழியும் குருமாவும் மட்டும் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். நால்வரும் ராஜ்மா சாப்பிட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியிருக்கிறது. "மேடம், ராத்திரி முழுக்க அந்தக் குக்கர் ஓடுச்சே, பயறு பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சே!" என்றார் சமைத்த அக்கா. அவர் சொன்னது உண்மைதான். ராஜ்மா மெத்தென்று ஆகியிருந்தது. ஆனால் அதன் நச்சு போகவில்லை.

வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற புரதம் நிறைய இருக்கிறது. நான்கைந்து பச்சைக் கொட்டை வயிற்றில் போனாலே உடம்பைப் படுத்திவிடும். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஸ்லோ குக்கரில் சமைத்த உணவின் உள்சூடு பல நேரம் 75 டிகிரியைத் தாண்டுவதில்லை. 80 டிகிரியில் அரைகுறையாகச் சூடான ராஜ்மா, பச்சைக் கொட்டையை விட ஐந்து மடங்கு வரை கெடுதல் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை பெற்ற இந்தப் பாத்திரத்தின் முதல் வேலையே பீன்ஸ் வேகவைப்பதுதான். அதனால் ராஜ்மாவை அப்படியே போட்டுவிடலாம் என்று நம்புவது இயல்பு.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் எழுதிய குறிப்பில் பத்து நிமிடக் கொதி போதும் என்று இருந்தால், இங்கே அதை நம்பி விடாதீர்கள். ராஜ்மாவை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வேகவிடுங்கள். இந்த உயரத்திலும் பிரஷர் குக்கருக்குள் சூடு நூறு டிகிரியைத் தாண்டும். அதற்கப்புறம் ஸ்லோ குக்கருக்கு மாற்றி மசாலாவோடு ஊறவிட்டால் ருசியும் கூடும்.

இறைச்சிக்கும் இதே வழியைத்தான் சொல்கிறேன்: அடுப்பில் கொதிக்கவிட்டு அப்புறம் பானைக்கு. ஃப்ரீசரில் இருந்து எடுத்த கோழியைக் கட்டியாகப் போட்டால், 5 முதல் 60 டிகிரி வரை உள்ள ஆபத்தான சூட்டிலேயே பல மணி நேரம் கிடக்கும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 'வார்ம்' என்று போட்டிருக்கும் நிலை வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. ஆறிப்போன குழம்பை அதில் சூடாக்கவே கூடாது. மிச்சத்தைப் பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல், அகலமான தட்டுகளில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். பெரிய பானை மெல்ல ஆறும்போதுதான், கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் முளைக்கின்றன.

இவ்வளவு சொன்னதால் இந்தச் சாதனம் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேரளப் பெண்களின் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் பேசும்போது நானே இதைப் பாராட்டுவேன். கூட்டுச் சமையலில் ஒரே அண்டாவில் எல்லோருக்கும் ஒரே உப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ள தாத்தா அதைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பட்டினி. மூன்று பானை இருந்தால் ஒன்றில் உப்புக் குறைத்த கூட்டு, ஒன்றில் பல் இல்லாதவர்களுக்குக் குழைந்த கஞ்சி, ஒன்றில் மற்றவர்களுக்கான குழம்பு என்று பிரித்துவிடலாம். விருந்தில் ஒதுங்கி உட்காரும் நோயாளியும் பந்தியில் மற்றவர்களோடு சாப்பிடுவார். எனக்கு இது பெரிய விஷயம். ஒரு பானை இரண்டு லிட்டர் அளவுதான் என்பதால் முப்பது பேருக்குச் சோறு ஆக்க நினைக்காதீர்கள், தொடுகறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் இருந்து முக்கால் பானைக்குள் நிறுத்துங்கள். பானைக்கொரு கரண்டி, கலந்துவிடாதபடி மூடியில் சீட்டு. அமெரிக்காவில் இருந்து வந்தது என்றால் அடியில் வோல்டேஜ் பாருங்கள். அங்கே 120, நமக்கு 230.

கடைசியாக, கரண்ட். ஜூன், ஜூலையில் மரம் விழுந்து லைன் போவது இங்கே வழக்கம். வேகும் நடுவில் நின்றால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றுங்கள். முழுதாக வெந்தபின் நின்றால் இரண்டு மணி நேரம் வரை பரவாயில்லை. நீங்கள் தூங்கும்போது நின்று திரும்ப வந்திருந்தால்தான் தெரியாமல் போகும். அதே ப்ளக் வரிசையில், பேட்டரி இல்லாத டிஜிட்டல் கடிகாரம் ஒன்றைச் செருகி வையுங்கள். காலையில் அது 12:00 என்று கண் சிமிட்டினால், பானையில் இருப்பது எவ்வளவு மணமாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.